நன்றியுரைக்காரர் வீட்டு வெள்ளைக் காகிதம்

மேடைக்கு மெருகேற்றி வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! முழங்கால் வலியை முனகாமல் மறைத்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! பத்து நாள் விடுமுறையில் பாடப்புத்தகத்தை மறந்த பிள்ளைகளே! இந்த இலையுதிர்கால மாலையில் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

"விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு நன்றி பழகுவது எப்படி?" என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள்! முப்பது ஆண்டுகளாக இந்தக் குடியிருப்புச் சங்கத்தின் நன்றியுரைக்காரன் நான். ஒலிபெருக்கி கட்டியவருக்கு நன்றி, ஓரமாய் நாற்காலி போட்டவருக்கு நன்றி, தண்ணீர் தந்தவருக்கு நன்றி, தாமதமாய் வந்தவருக்கும் தனியே ஒரு நன்றி! என்ன, பின்வரிசையில் சிரிப்பு? சிரியுங்கள் ஐயா, இன்னும் இரண்டு நிமிடம் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கெல்லாம் நன்றி உரைத்த இந்த வாய் வீட்டில் ஒருமுறையேனும் திறந்ததா? என் மனைவி இருபத்திரண்டு ஆண்டுகள் நூற்பாலையில் உழைத்தவள். இயந்திர இரைச்சலில் நின்று நின்று அவள் காது மெல்ல மெல்ல அடைத்துப்போனது. இப்போது சுத்தமாகக் கேட்காது. அது எனக்குத் தெரியவே இரண்டு ஆண்டு ஆனது. ஏன் ஆனது? நான் அவளோடு பேசியிருந்தால்தானே தெரிந்திருக்கும்! "அப்பா, அம்மாவுக்குக் காது கேக்கலப்பா. உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?" என்று மகள் கேட்டுத்தான் அறிந்தேன். வெட்கக்கேடு, அன்பர்களே, வெட்கக்கேடு!

விடுமுறைக்கு வந்த அந்த மகள் போன வாரம் வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். சாப்பிட உட்காரும்போது ஆளுக்கொரு காகிதம். பக்கத்தில் இருப்பவர் நமக்குச் செய்த ஒன்றை எழுதி அவர் தட்டருகே வைக்க வேண்டும். "நேத்து என் ஈரச் செருப்பைக் காயவச்சதுக்கு தேங்க்ஸ்மா" என்று அவள் எழுதினாள். தாய் அதைப் படித்துவிட்டு மகளின் கன்னத்தைக் கிள்ளினாள்.

அடுத்தது என் முறை. நான் சும்மா எழுதுவேனா? "இல்லத்தை ஒளிரச் செய்யும் இணையற்ற குணவதிக்கு இதயம் கனிந்த நன்றிகள்!"

"நல்லாத்தான் இருக்கு. யார் வீட்டம்மாவுக்கு எழுதினீங்க?" என்றாள் மனைவி.

கூட்டத்துக்கு எழுதும் நன்றியுரையை அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில் காகிதத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டாள். உனக்குத்தான் என்று விரலை நீட்டிக் காட்டினேன். அவள் திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது.

"அப்பா, அம்மா உங்களுக்குச் செஞ்சது ஒண்ணே ஒண்ணு எழுதுங்க, போதும்" என்றாள் மகள். பேனாவை எடுத்தேன். எதை எழுத? அவள் எழும் நேரம் எனக்குத் தெரியுமா? அவள் உண்ணும் நேரம் தெரியுமா? ஓடியாடிச் செய்த ஆயிரத்தில் ஒன்றையாவது நான் நின்று பார்த்திருக்கிறேனா? சாப்பாடு ஆறிப்போனது. காகிதம் வெள்ளையாகவே கிடந்தது.

நன்றி பழகுவது எப்படி என்றா கேட்டீர்கள்? முதலில் பாருங்கள்! பார்த்ததைச் சொல்லுங்கள்! சின்னச் சொல்லில் சொல்லுங்கள்! கேட்கும் காது இருக்கும்போதே சொல்லுங்கள்! எனக்கு எல்லாம் கைமீறிப் போய்விட்டது.

அதோ, மூன்றாம் வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். இன்றைய பேச்சை மட்டும் அவளிடம் படிக்கக் கொடுக்கவில்லை. இத்தனை நேரம் நான் பேசியதில் ஒரு சொல்லும் அவளுக்குக் கேட்கவில்லை. யாருக்கோ நன்றி சொல்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் முடித்ததும் தயவுசெய்து யாரும் கைதட்டாதீர்கள். நீங்கள் தட்டினால் அவளும் தட்டுவாள்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இறங்குகிறேன். வணக்கம்.