வெயிலில் வைத்த கடுகுச்சாறு

— மறுபடியும் கேளுங்க நுஹ்மான் நானா. குண்டுன்னா அத யாராவது அன்னாசித் துண்டுல தொட்டுத் திம்பாங்களா?

— அதையும் சிங்களத்துல கேட்டுட்டேன் அஞ்சலா. தின்னலாம், ஆனா பஸ்ஸுக்குள்ள வெடிச்சதும் அதுதானேன்னு ஆமி சார்ஜன் செல்றாரு.

— வெடிக்கல நானா. மூடி பறந்துச்சு. எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துவிட்டது கள்ளு ஊத்தின கடுகுச்சாறு, கலேவெல பஸ் குலுக்கின குலுக்குல பொங்கிருச்சு. நான் வேற, சிந்திடக் கூடாதேன்னு போத்தலுக்குத் தக்கைய இறுக்கி, மேல மெழுகுதிரிய உருக்கி ஊத்தியிருந்தேன். அந்தோனியார் கோயில் மெழுகுதிரி.

— கோயில் கதைய நான் செல்ல மாட்டேன் புள்ள.

— ஏன்?

— அந்தோனியாரையும் கூட்டிட்டு வரச் செல்வாங்க.

— சத்தம் கேட்டு பஸ்ஸுல இருந்த சனமெல்லாம் ஜன்னலால குதிச்சுச்சாம். இந்தச் செக்பொயின்ட்டுல காவலுக்கு நின்ன ஒரு ஆமிக்காரன் சாக்கடைக் கானுக்குள்ள போய்க் குப்புறப் படுத்துட்டானாம். அந்தக் கோவத்துக்கு எங்க வீட்டுக்காரர புடிச்சு வச்சா என்ன நியாயம்?

— கானுக்குள்ள படுத்தது இந்தச் சார்ஜனேதான். மெதுவாப் பேசுங்க.

— ஐயோ மாதாவே. நேத்து மத்தியானத்துலேர்ந்து அவர உள்ள வச்சிருக்காங்களே. அங்க கலேவெலயில நாத்தனா புள்ளைக்குக் கோயில்ல புதுநன்மை, வீட்டுல விருந்து. அன்னாசியையும் வெள்ளரிக்காயையும் வெட்டி வச்சிட்டு, ரபாயேல் சாறு கொண்டாருவான்னு ரோட்டப் பாத்துட்டு இருக்காங்க.

— பொறுங்க, என்னமோ செல்றாரு. ஆ... ஒரு வழி ஈக்கியாம். அவர் கண்ணு முன்னால அதே சாற இங்கயே செஞ்சு காட்டணுமாம். ரெண்டும் ஒண்ணுன்னு ஆனா ரபாயேல விடுறதப் பத்தி யோசிக்கலாமாம்.

— இவ்வளவுதானா? எங்க பலாபத்வலயில பஸ்ஸுக்கு நிக்கிற சனத்துக்கு தெனம் செய்றேன். அம்மி இருக்கா?

— துவக்கும் தோட்டாவுந்தான் ஈக்கி. அம்மிய பக்கத்துல என் கடையிலேர்ந்து எடுத்துக்கலாம். வேற என்ன வேணும்?

— ஒரு பிடி கடுகு, காஞ்ச மொளகா, இஞ்சி, உப்பு, கித்துள் வெல்லம். தொட்டுப் பாக்க அன்னாசி, வெள்ளரிக்காய். அப்புறம் நேத்து எறக்கின கள்ளு.

— அஸ்தஃபிருல்லாஹ். கள்ளுக்கு நான் எங்க போற?

— நீங்க ஏன் போறீங்க. அந்த மீசைக்கார ஆமிக்கிட்ட சொல்லுங்க, அவருக்கு எடம் தெரிஞ்சிருக்கும்.

— செல்லி முடிக்கல, சைக்கிள்ல ஏறிட்டான்.

...

— இப்ப பாக்கச் சொல்லுங்க. கடுகுக்குக் கள்ளத் தெளிச்சுத் தெளிச்சு அரைக்கணும். மொளகாயும் இஞ்சியும் கூடவே. வெல்லத்த கடைசியாத்தான் கரைக்கணும், முன்னாடியே போட்டா அம்மியில ஒட்டிக்கிட்டு வராது.

— இஞ்சி எதுக்குன்னு கேக்கிறாரு.

— வாசத்துக்கு.

— வாசத்துக்கு மட்டுந்தானான்னு ரெண்டு தரம் கேக்கிறாரு.

— வயித்துக்கும் நல்லதுன்னு சொல்லுங்க.

— வெள்ளரிக்காய்க்குத் தனியா ஒண்ணு வச்சிருக்கீங்களாமே, அது எப்படி?

— கட்டித் தயிர்ல வெள்ளப்பூடத் தட்டிப் போட்டு, மொளகுத்தூளும் உப்பும் கலந்தா சரி. அது இந்தக் கேஸுல இல்லையே நானா.

— இல்ல. அவங்க வீட்டுல செஞ்சு பாக்கவாம்.

— நல்லா செய்யட்டும்.

— இன்னொண்ணும் கேக்கிறாரு. இதையெல்லாம் ரபாயேலும் செய்வாரா?

— அவரா? வெங்காயம் உரிக்கச் சொன்னா வெரல உரிச்சுக்குவாரு. என்னோட அடுப்படிப் பக்கமே வரமாட்டாரு. கடுகுலேர்ந்து தக்கை வரைக்கும் எல்லாம் என் கைதான், தெளிவாச் சொல்லுங்க.

— கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க புள்ள.

— இதுல யோசிக்க என்ன இருக்கு? உள்ளதத்தானே சொல்றேன். அவர்கிட்ட அன்னாசிய நீட்டுங்க, தொட்டுப் பாக்கட்டும்.

— பாத்துட்டாரு. மூக்குல ஏறி கண்ணு ரெண்டும் ஒழுகுது. சோக்கா ஈக்கியாம். ஆனா இது அது இல்லையாம்.

— ஏனாம்?

— வெடிக்கல.

— அரைச்ச ஒடனே எப்படி நானா பொங்கும்? தக்கை போட்டு மெழுகு ஊத்தி வெயில்ல வச்சாத்தானே.

— அப்ப வைங்கன்னு செல்றாரு. எல்லாரும் மண்மூட்டைக்குப் பின்னால போவணுமாம். வெள்ளரிக்காய்ப் பீங்கானையும் எடுத்துட்டு வாங்க, அவங்க இன்னும் தின்னு முடிக்கல.

...

— உச்சி வெயில் எறங்கப் போவுது. மாதாவே, வெடிச்சிரணும். தயவு பண்ணி வெடிக்க வையும் தாயே.

— யா அல்லாஹ். வேண்டுறதுன்னா வாய்க்குள்ள வேண்டுங்க புள்ள.

— பயமாருக்கு நானா. இது வெடிக்கலைன்னா என்ன செய்வாங்க?

— நீங்க பொய் செல்லிட்டீங்க, பஸ்ஸுல வெடிச்சது வேற சாமான்னு ஆவும்.

— வெடிச்சா?

— அத நான் இன்னும் கேக்கல.

— கேக்க வேணாம், அங்க பாருங்க. தக்கை அசையுது. நொரை தள்ளுது... போச்சு. தகரத்துல அடிச்சிட்டு ரோட்டுல போய் விழுந்துச்சு பாத்தீங்களா? யாரும் கிட்டக்கூட போகல, தானாவே போச்சு. என் சாறேதான் நானா. சார்ஜன் மாத்தயாவ எழும்பி வந்து பாக்கச் சொல்லுங்க.

— எழும்பிட்டாரு. சிரிக்கிறாரு. ரெண்டும் ஒரே சாமான்தான், இனி சந்தேகமே இல்லைன்னு செல்றாரு.

— இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. அப்ப அவர விட்டுருவாங்களா?

— விடுறாங்க. இப்பவே விடுறாங்க.

— பொறகு ஏன் நானா மொகத்த இப்படி வச்சிருக்கீங்க?

— என் பொஞ்சாதிக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாத்தையும் நான்தான் செஞ்சேன்னு, அடிச்சும் நேத்துலேர்ந்து அந்த மனுசன் வாய மாத்தவே இல்லையாம். இப்ப அவரு வீட்டுக்குப் போவலாம் புள்ள, வெடிச்சத செஞ்ச ஆள்தான் உள்ளுக்கு வரணுமாம்.