எதிர் வீட்டுக்கு வந்த கல்லு

...கல்லாம் கல்லு! வாசல்ல ஆள் உசரத்துக்கு நட்டு வெச்சிருக்கானுங்களே, உள்ள வரும்போது நீங்க இடிச்சுக்கல? இடிச்சுக்காம எவனும் வந்ததில்ல. சரி, வாங்க தம்பி, உக்காருங்க. எங்க வீட்டுக்காரர் மாடி ரூம் சாவி வாங்கிட்டு வரப் போயிருக்காரு. வீடு பாக்க வர்றவங்ககிட்ட கல்லப் பத்தி வாயத் திறக்காதேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நான் எதுக்குத் திறக்கறேன்? எனக்கு இந்த வீட்ட வித்தாகணும். பொண்ணு நிறைமாசமா இருக்கா, தூரத்துல, தனியா. வித்த கையோட அவ பக்கத்துல போயி உக்காந்துடணும், அவ்வளவுதான் எனக்கு.

ஆனா பாருங்க... 'அறிஞர் பெருமக்களை உருவாக்கிய சிறுவர் ஆயத்தப் பள்ளி இங்கே இயங்கியது'ன்னு கவர்மெண்டுக்காரன் வெட்டி வெச்சிருக்கான். பெரிய பள்ளிக்கூடத்துல சேர்றதுக்கு முன்னாடி பசங்கள இங்கயே தங்க வெச்சுத் தயார் பண்ற எடமாம். என்னத்தத் தயார் பண்ணான்? எங்க மாமனாரு இங்க படிச்சவருதான், பிற்பாடு இந்தக் கட்டடத்தையே வாங்கிப் போட்டவரு. டை கட்டுவாரு, நெட்டுக்குத்தலா நிப்பாரு. தண்ணி ஜக்கு கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கும், எடுத்து ஊத்திக்கத் தெரியாது. அடுப்படியில இருக்கற என்னையக் கூப்பிடுவாரு. அறிஞராம்!

நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே எடத்துலதான் பசங்கள முட்டி போட வெச்சு வெளுப்பாங்களாம். அட, ஏன் எந்திரிக்கிறீங்க? இப்ப யாரு அடிக்கப் போறா!

போன வாரம் ஒரு கிழவனாரு... கல்லப் படிச்சுட்டு நேரா உள்ள வந்துட்டாரு. 'என் கட்டில் இங்கதாம்மா இருந்துச்சு'ன்னு எங்க பெட்ரூம்ல, எங்க மெத்தை மேல உக்காந்து ஒரே அழுகை. எந்திரிப்பனாங்குறாரு. நான் அடுப்பப் பாப்பனா, அவரு மூக்கத் தொடச்சு விடுவனா?

அது கூடப் பரவால்ல. பாத்ரூம் செவுரு ஊறிப்போயி கெடக்கு. இடிச்சுக் கட்டலாம்னா, கூடாதாம்! ஆணி அடிக்கணும்னாலும் அனுமதி கேக்கணுமாம். நினைவுச் சின்னமாம். ஒழுகறது என் தலையில, சின்னம் அவனுக்கு! சே... ஊறலப் பத்திச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்க கேக்காத மாதிரி விட்டுடுங்க.

இதுல கூத்து என்னன்னா, அந்தக் கல்லு எதிர் வீட்டுக்கு வந்தது தம்பி! அங்கதான் பள்ளிக்கூடம் இருந்துச்சுன்னு நெனச்சு, குழி கூட வெட்டிட்டானுங்க. எதிர் வீட்டுக்காரி பவுடரப் பூசிக்கிட்டு வாசல்ல நின்னு போற வர்றவங்களுக்கெல்லாம் பல்லக் காட்டுறா. எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. விடுவனா? குழி வெட்டுனவனக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து, மாமனாரு சின்ன வயசுல பேனாக்கத்தியால ஜன்னல்ல கிறுக்கி வெச்ச பேரக் காட்டுனேன். 'பாருப்பா, இதாம்ப்பா பள்ளிக்கூடம்'னு. தூக்கிட்டு வந்து இங்க நட்டுட்டான். இப்ப அந்த ஜன்னலுக்குப் பெயிண்ட் கூட அடிக்க முடியல. அவ என்னடான்னா, போன மாசமே வீட்ட வித்துட்டுப் போயிட்டா, மகராசி!

வாங்க, அந்த ஜன்னலக் காட்டுறேன்... இதோ, இந்தக் கீழ்க் கட்டையில... தம்பி? பாத்ரூம் பாக்கப் போயிட்டாரா... தம்பீ!

ஏங்க, வந்துட்டீங்களா? தெருவுல அந்தத் தம்பியப் பாத்தீங்களா? என்னது, ஓடுனாரா? அதுக்கு என்னைய ஏன் முறைக்கிறீங்க? கல்லப் பத்தி நான் வாயே திறக்கலீங்க!

போன் அடிக்குது. பொண்ணாத்தான் இருக்கும். வீடு என்ன ஆச்சு, எப்பம்மா வர்றேன்னு கேப்பா... நீங்களே எடுங்க. என் வாயால சொல்ல முடியாதுங்க.