முப்பத்தொரு கிலோ தொனி

— "பாளையங்கோட்டை இசைப் பெருமக்களுக்கும், நம் ஆலயப் பாடகர் குழுவின் அங்கத்தினர் யாவருக்கும், பேஸ் கிடார் கலைஞன் ஹெப்ரான் ஆகிய நான் மிகுந்த மனபாரத்தோடு அறிவிப்பது என்னவென்றால்." இவ்வளவும் தட்டிட்டியா, பாக்கியம்?

— தட்டியாச்சு. கால் மணி நேரமா 'என்னவென்றால்'லயே நிக்கோம்.

— அவசரப்பட்டா ஆகாது. நீ ஏதோ வாட்சப் குரூப்புல போடுத சமாச்சாரம்னு நினைக்க. இது நாளைக்கு நாலு பேரு எடுத்துப் பாக்கப்போற ஆவணம். எழுது. "இருபத்தாறு ஆண்டுகளாக மேல்மாடத்தில் அமர்ந்து நான் வாசித்துவரும் ஆம்ப்ளிபயர் முப்பத்தொரு கிலோ எடை உள்ளது. பதினைந்து கிலோவுக்கு மேற்பட்ட எந்தப் பெட்டியும் இனி மேல்மாடம் ஏறக்கூடாது, ஏற்ற வேண்டுமானால் எடையைக் குறைத்துக்கொண்டு வா என்று கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. அந்தத் தீர்மானத்தின்மேல் நான் காறி..."

— காறியை எடுத்திருதேன்.

— சரி, எடு. 'வன்மையாகக் கண்டிக்கிறேன்'னு போடு. "எடையில் ஒரு கிராமைக்கூடக் குறைக்க விடமாட்டேன். கனம் குறைந்தால் தொனி குறையும். ஆகவே, வருகிற ஞாயிறு, சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை ஆராதனை முதற்கொண்டு நான் மேல்மாடம் ஏறுவதில்லை என்று..."

— ஏங்க, ஏறுவதில்லைன்னு போட்டுட்டா பொறவு ஏற முடியாதுங்க.

— அதுக்குத்தான போடுதேன்.

— உங்களுக்குப் பதிலா இன்னொரு பயலக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருவாங்க. அசனத்துக்கு அசனம் அந்த மூலை நாற்காலியில உக்காரணும்னுதான் வருஷம் பூரா விரல்ல நல்லெண்ணெய் தேச்சிட்டுக் கெடக்கீங்க. அதை இந்தச் செல்லுல ரெண்டு வரியில தொலைக்கணுமா?

— மானம் பெருசா, நாற்காலி பெருசா?

— கீபோர்டு வாசிக்கிற டார்லின் 'அங்கிள், கொஞ்சம் சத்தத்தக் கொறைங்க'ன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னதுக்கு எட்டு மாசம் கோயிலுக்கு வராம கெடந்தீங்களே, அப்ப மானத்த யாரு வச்சுக் காப்பாத்தினா? நான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அடுக்களை வாசல்ல வந்து நின்னுக்கிட்டு மிக்சி அரைச்சுருதி எறங்கி ஓடுதும்பீங்க. குக்கர் விசிலு பாட்டோட சேரலம்பீங்க. எட்டு மாசம். இன்னொரு எட்டு மாசம் என்னால முடியாது. அதுக்குத்தான் சொல்லுதேன், இதை அனுப்பாண்டாம்.

— அன்னைக்கு விஷயம் வேற. இன்னைக்குக் கலைக்கே ஆபத்து.

— கலைக்கு என்ன ஆபத்து வந்திச்சு? படி ஒடிஞ்சு உள்ள போனது என் காலு.

— அதை யாரு இல்லைன்னா?

— மேல்மாடத்துப் படி முறிஞ்சு, முட்டு வரைக்கும் கால் உள்ள போயி, பெட்டியோட நான் சாஞ்சு கெடக்கேன். நீங்க மேல இருந்து எட்டிப் பாத்து மொதல்ல கேட்டது என்ன?

— பதட்டத்துல ஒரு மனுஷன் ஆயிரம் கேப்பான்.

— 'பெட்டிக்கு அடி பட்டிச்சா'ன்னு கேட்டீங்க. ரெண்டாவது, 'ஸ்பீக்கர் பக்கம் கீழயா, மேலயா'ன்னு கேட்டீங்க. மூணாவதா நீங்க கேக்குறதுக்குள்ள டார்லினு ஓடி வந்து என்னத் தூக்கிட்டா.

— இந்தா இப்ப கேக்கேன். வீக்கம் எப்படி இருக்கு?

— சுளுக்கு இறங்கப் பத்து நாளாகுமாம். ஞாயித்துக்கெழமக்கு நாலு நாளுதான் இருக்கு. நீங்க ஏறுவதில்லைன்னு போடாம ஏறுறதாவே வச்சுக்கிட்டாலும், பெட்டிய யாரு தூக்குவா?

— பைய ஒரு ஆளப் பாத்துக்கிடலாம்.

— பன்னெண்டு வருஷமா பைய ஆளப் பாக்கீங்க. ஸ்கூட்டர்ல முன்னால காலு வைக்குற இடத்துல பெட்டி, பின்னால நீங்க, உங்க மடியில கிடாரு. பள்ளிக்கூட ஆபீசுல ஆறு நாளு பைலத் தூக்கிட்டு, ஏழாம் நாளு கர்த்தர் ஓய்ந்திருந்தாருன்னு பிரசங்கத்துல கேக்கதுக்கு முந்தி முப்பத்தஞ்சு படி ஏறுதேன். முருங்கை மரத்துல வேதாளம் தூக்கினவனாவது இடையில கத கேட்டான். எனக்கு அதுவும் கெடையாது.

— நான் தூக்கப்படாது, பாக்கியம். உனக்குத் தெரியாததா? இந்த நாலு விரலும் கர்த்தர் குடுத்த தாலந்து. ஒரு நரம்பு பிசகிச்சுன்னா முடிஞ்சு போச்சு.

— நரம்பு பிசகாதபடி லேசா ஆக்கித் தாங்கன்னு ரேடியோக் கடை ஞானசிகாமணி அண்ணாச்சிட்ட கேப்போம்னு எத்தன தடவ சொன்னேன்?

— அந்த ஆளு பேச்சையே எடுக்காத. என்ன சொன்னாம் பாரு, 'உள்ள இருக்க டிரான்ஸ்பார்மரக் கழத்திட்டு லேசான பவர் சப்ளை போடலாம், பலகையையும் மாத்தலாம், சத்தம் அப்படியே இருக்கும்'னான். சத்தம் இருக்கும் வே, தொனி இருக்குமான்னு கேட்டேன். இது தூத்துக்குடித் துறைமுகத்துல இறங்கின சரக்கு. இப்ப வாரதெல்லாம் பெட்டியா? தகர டப்பாவுல புளியங்கொட்டையப் போட்டு ஆட்டுன மாதிரி இருக்கு. போன வருஷம் வெளியூர்ல இருந்து பிரசங்கம் பண்ண வந்த ஐயரு என் கையப் பிடிச்சிட்டு என்ன சொன்னாரு? 'தம்பி, உங்க வாசிப்பு காதுல கேக்கல, கால் பெருவிரல்ல ஏறுது'ன்னாரு. ஏறினது எது? கனம். முப்பத்தொரு கிலோ. ஒரு கிலோவ யாராவது உருவிப் பாக்கட்டும், கண்ண மூடிட்டுச் சொல்லிருவேன்.

— சொல்லிருவீங்க.

— என்ன ஒரு மாதிரி சொல்லுத?

— ஒண்ணுமில்ல. 'ஏறுவதில்லை'ல நிக்குது. அழிச்சிரட்டுமா?

— அனுப்பு.

— நெட்டு இல்ல.

— காலையில நல்லா இருந்திச்சே.

— மழைக்கு மப்பு போட்டிருக்குல்லா. யாரோ கதவத் தட்டுதாங்க, பாருங்க.

— வேதநாயகம் வாரான். கையில என்ன எளவோ தொங்குது. வாரும் வே, கமிட்டிச் செயலர் அவர்களே, வாரும். பெட்டியப் பாடையில ஏத்த வந்தீரா?

— ஸ்தோத்திரம், ஹெப்ரான். அதாவது, நான் தனிப்பட்ட முறையில வரல. கமிட்டி சார்பா வந்திருக்கேன். இது கொக்கித் தராசு. பழைய பேப்பர் எடுக்கவர்ட்ட இரவல் வாங்கினது. அதாவது, பெட்டியோட எடைய நேர்ல நிறுத்து மினிட்ஸ் புஸ்தகத்துல ஏத்தணும்னு தீர்மானம். உங்க காலு எப்படிம்மா இருக்கு?

— இருக்குங்க அண்ணாச்சி. நீங்களாவது மொதல்லயே கேட்டீங்க.

— 'காயம்பட்டவர் நலம்'னு ஒரு வரி எழுதணும், அதான். அதாவது, அந்தப் படிக்கட்டு நம்ம பாட்டன் காலத்துல துரைமாரு போட்டது. மலையில இருந்து தாமிரபரணி வெள்ளத்தோட மிதந்து வந்த தேக்கு. நூத்தம்பது வருஷமா ஒரு கீறல் விழல. அப்படிப்பட்ட தேக்கு ஒடிஞ்சிருக்குன்னா அதுக்குக் காரணம் கனம். கனம்தான்னு கமிட்டி ஏகமனதாக் கண்டிருக்கு.

— நல்லாக் கேளும் வே. என் பெட்டி கனம்தான். அதை நான் ஒத்துக்கிடுதேன். உங்க தேக்கு பெலங்கெட்டுப் போனா அதுக்கு என் பெட்டி என்ன செய்யும்? யானை நடந்து பாலம் ஒடிஞ்சா யானையையா அறுப்பீரு?

— அதாவது, தேக்க யாரும் குத்தம் சொல்லப்படாது.

— தொனிய யாரும் குத்தம் சொல்லப்படாது.

— ஏங்க, ரெண்டு பேரும் நில்லுங்க. அண்ணாச்சி, நிறுக்காண்டாம். பதினஞ்சுக்குள்ள இருக்குன்னு எழுதிட்டுப் போங்க. அவரு ஞாயித்துக்கெழம வந்து வாசிப்பாரு.

— பாக்கியம், நீ என்ன பேசுத? பொய்யா எழுதச் சொல்லுத? நிறும் வே. இப்பமே நிறும். முப்பத்தொண்ணுன்னு உம்ம கையாலயே எழுதும். எழுதிட்டு, அதைக் கொறைக்க எவனுக்குத் தைரியம் இருக்கோ அவன வரச் சொல்லும். பாக்கியம், நெட்டு வந்திச்சா?

— வரல.

— வந்த ஒடனே அனுப்பு. வே, பெட்டி அங்கன, பீரோ பக்கத்துல இருக்கு.

— அந்தப் பக்கம் ஒரு கை பிடியும்.

— நான் பிடிக்கப்படாது. விரலு.

— சரி, நானே பாக்கேன். அதாவது, எனக்கு ஒரு ஹெர்னியா ஆபரேசன் ஆனது. கமிட்டிக்காகச் செய்யுதேன். பைய. கொக்கிய மாட்டியாச்சு. கர்த்தாவே, பெலன் தாரும். ஒண்ணு, ரெண்டு, மூ... என்ன வே இது. மல்லாக்க விழப் பாத்தேன்.

— கனம் அப்படி.

— கனம் எங்க வே? நான் முப்பத்தொண்ணுக்கு மூச்சப் பிடிச்சுத் தூக்குதேன், இது என்னமோ முறுக்கு டின்னு மாதிரி ஏறி வருது. பதினொண்ணு நானூறு.

— முப்பத்தொண்ணு நானூறா? நானூறு கிராம் கூடிருக்கு, எழுதும்.

— பதினொண்ணு, வே. கண்ணாடிய மாட்டிட்டுப் பாரும்.

— ஆக்கங்கெட்ட தராசு. பேப்பர்காரன் தராசு என்னைக்கு உண்மைய சொல்லிருக்கு? பாக்கியம், அரிசி மூட்ட இருக்குல்லா, இருவத்தஞ்சு கிலோ, பிரிக்காதது. அதை மாட்டும் வே.

— மாட்டுதேன். யப்பா. இது கனக்கு. இருவத்தஞ்சு. சுத்தமா இருவத்தஞ்சு. தராசு மேல பழி இல்ல.

— அப்ப இது என் பெட்டியே இல்ல. எவனோ மாத்திட்டான். கோயில்ல வச்சு மாத்திருக்கான். போலீசுல எழுதிக் குடுக்கணும். பாக்கியம், போனக் குடு.

— ஏங்க, உக்காருங்க. மாத்தினது நான்தான்.

— என்னத்த?

— நாலு வருஷத்துக்கு முந்தி உங்க அக்கா மக கல்யாணத்துக்கு நாசரேத்துக்குப் போயி பத்து நாளு இருந்தீங்க. நான் பெட்டிய ஞானசிகாமணி அண்ணாச்சி கடையில கொண்டு இறக்கினேன். டிரான்ஸ்பார்மரக் கழத்தினாரு. பலகைய மாத்தினாரு. ஸ்பீக்கருக்கு லேசான காந்தம் போட்டாரு. வெளிய இருந்த கறுப்பு ரெக்சின், திருகுற குமிழு, அந்தப் பித்தளப் பேரு, எல்லாத்தையும் பழசையே ஒட்டித் தந்தாரு.

— பொய் சொல்லுத.

— அடுக்களைக் கதவு காத்துல அடிக்காம இருக்க ஒரு இரும்புக் கட்டி அண்டக் குடுத்திருக்கேன்லா, அது என்னன்னு நினைச்சீங்க? உங்க டிரான்ஸ்பார்மர்தான்.

— அதுல நான் நாலு தடவ காலு இடிச்சிருக்கேன்.

— அஞ்சு தடவ.

— அதாவது, இந்த நாலு வருஷமும் மேல்மாடத்துல வாசிச்சது...

— இதுலதான் அண்ணாச்சி. நாலு ஈஸ்டரு, நாலு கிறிஸ்மசு, மூணு அசனம். பெருவிரல்ல ஏறுதுன்னு ஐயரு சொன்னது இதத்தான்.

— வே வேதநாயகம், நீரு இதெல்லாம் கேக்காதயும். பாக்கியம், எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா அன்னைக்கு ராத்திரியே தொனி போச்சுன்னு கண்டுபிடிச்சிருப்பீங்க. சொல்லாத வரைக்கும் அது போகல. படி ஏறுறப்ப மூச்சு வாங்குற மாதிரி நானும் நடிச்சுக்கிட்டுதான் வந்தேன். ரெண்டு மூணு தடவ மறந்துட்டேன். நீங்க கவனிக்கல.

— ஏம்மா, அப்படின்னா போன வாரம் நீங்க தூக்கிட்டுப் போனது பதினோரு கிலோதானா? அதுக்கா தேக்கு ஒடிஞ்சது?

— தேக்கு இல்ல அண்ணாச்சி. கரையான். ஒடிஞ்ச துண்ட நான் எடுத்துட்டு வந்திருக்கேன், சன்னல்ல இருக்கு, பாத்துக்கிடுங்க. ஊதினாப் பறக்கும். அதுல நான் பெட்டி இல்லாம ஏறிருந்தாலும் உள்ளதான் போயிருப்பேன். அடுத்த வாரம் பாட்டுப் பாடுற பிள்ளைங்கள்ல ஒண்ணு உள்ள போயிருக்கும். மொதல்ல படியப் பாருங்க. தராச அப்புறம் பாக்கலாம்.

— அதாவது, இதை மினிட்ஸ்ல எப்படி எழுததுன்னு எனக்குத் தெரியல.

— படி அரிச்சிருக்கு, பெட்டி பதினொண்ணு நானூறு, காயம்பட்டவருக்கு நலமில்லன்னு எழுதுங்க.

— சரிம்மா. ஹெப்ரான், பெட்டி வரம்புக்குள்ள இருக்கு. படிய ஆசாரி சனிக்கெழம மாத்திருவாரு, நான் நின்னு மாத்த வைக்கேன். நீரு ஞாயித்துக்கெழம வந்திரும். உம்ம நாற்காலி காலியாத்தான் இருக்கு.

— நான் ராஜினாமா எழுதிட்டேன் வே. ஏறுவதில்லைன்னு அறிவிச்சாச்சு.

— அனுப்பல. நெட்டு இல்லைன்னது பொய். அழிச்சிட்டேன்.

— எல்லாம் பொய். நெட்டு பொய், மூச்சு வாங்கினது பொய், பெட்டி பொய். கட்டின புருஷன் நாலு வருஷமா காலி டப்பாவ மீட்டிட்டு இருந்திருக்கான், ஒரு வார்த்த சொல்ல ஆளில்ல. இதைவிட ஒரு கலைஞன அவமானப்படுத்த முடியுமா? தள்ளும் வே, நான் பாக்கேன். நானே தூக்கிப் பாக்கேன்.

— விரலு, ஹெப்ரான்.

— சவத்தத் தள்ளும். ஏ, என்ன இது. ஒத்தக் கையில வருதே.

— ஆமா, வரும்.

— பாக்கியம், இது நெஞ்சறிய அநியாயம். இவ்வளவு லேசுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே தூக்கிருப்பேனே.

— ஒரு நாளு தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்.