பாதாம் வாசனை

"ஃபேனை நிறுத்தாதேக்கா, ஏற்கெனவே தலை சுத்துது..."

"வந்தவங்க வாசல்ல நிக்கிறாங்கடா, இப்பப் போய்..."

"குழாய் மூட்டுல கசியுதுக்கா! நிறுத்தினா ஆவி முழுக்க உள்ளேயே..."

"கசியட்டும். வாசனையாத்தானே கசியுது?"

எங்கள் வீட்டில் இப்படித்தான் பேசிக்கொள்வோம் ஐயா. ஒருவர் பேச்சை மற்றவர் முடிக்கவிடாததும் பாசத்தில் சேர்த்தி. அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் நான். அவன் வாய்நீளத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். நீங்கள் கேட்டதைக் கோர்வையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆலையில் மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைகளை வேகவைத்து ஒரு எண்ணெய் எடுக்கிறோம். பிசின், கரைப்பான் என்று பலதும் அதிலிருந்து செய்யலாம். மற்றவர்கள் இதற்கு அமிலத்தைக் கொட்டி, மிச்சத்தை ஆற்றில் விடுவார்கள். என் தம்பி அதே கட்டையைக் கரியாக்கி ஒரு வினையூக்கி செய்தான். பார்ப்பதற்கு வெறும் கறுப்புத் தூள். வேலை முடிந்ததும் வடிகட்டி, கழுவி, காயவைத்துப் போட்டால் முணுமுணுக்காமல் மறுபடியும் உழைக்கும். அந்தக் குணத்தில் கொஞ்சம் அதைச் செய்தவனுக்கும் இருந்திருக்கலாம்.

மூளை அவனுடையது, அதை ஊருக்கு எடுத்துச் சொல்லும் வாய் என்னுடையது. சுவருக்குப் பச்சை அடித்தவள் நான். பீப்பாய்களில் இருந்த மண்டையோட்டுப் படத்தின் மேல் இலைப் படம் ஒட்டியவளும் நான்தான். 'கெமிக்கல்' என்ற சொல்லையே ஆலைக்குள் யாரும் உச்சரிக்கக்கூடாது என்று வைத்திருந்தேன்.

"எல்லாமே கெமிக்கல்தான்க்கா. நீ குடிக்கிற தண்ணியும்தான்."

"அதை வந்தவங்க முன்னாடி சொல்லித் தொலைக்காதே. செடியில இருந்து வர்றது எப்படிடா கெடுதல் பண்ணும்?"

"அரளியும் செடிதான்க்கா."

படிக்கவைத்தால் இப்படித்தான், குதர்க்கம் வந்துவிடுகிறது.

அந்த எண்ணெய்க்குப் பாதாம் வாசனை. கடவுளாகப் பார்த்துக் கொடுத்த விளம்பரம். விருந்தினர் வரும்போதெல்லாம் கட்டை வேகும் அறையின் விசிறியை நிறுத்திவிடுவேன். கதவின் மேலே உள்ள கம்பி வலை வழியாக வாசனை நடைக்கு வந்து அவர்களை வரவேற்கும். நான் பேச வேண்டியதில் பாதியை அதுவே பேசிவிடும். அவனுக்குத்தான் அதற்குப் பிறகு தலைவலி, நாக்கு மரத்துப்போகும். ஆண்களுக்குத் தும்மல் வந்தாலே உயில் எழுதத் தோன்றும், தெரிந்ததுதானே. முகமூடி கேட்டான். வாங்கினேன். பார்ப்பவர்கள் மிரளுவார்கள் என்று ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினேன்.

அன்று வந்தது விருதுக் குழு. "கசிவு இருக்கு, சரி பண்ற வரைக்கும் வேலையை நிறுத்துறோம்னு நானே சொல்லிடறேன்" என்று கிளம்பினான். எண்ணெய்ச் சட்டை, சிவந்த கண், சவரம் காணாத முகம். அந்தக் கோலத்தோடு!

"சரிடா, முதல்ல அந்தக் குழாய் மூட்டை இறுக்கிட்டு வா" என்றேன். ஸ்பேனரோடு உள்ளே போனான். வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். விசிறியின் சுவிட்சும் பக்கத்திலேயே இருந்ததால் சிரமமில்லை. அவனைக் கொஞ்ச நேரம் மறைத்துவைத்தேன், அவ்வளவுதான்.

"என்னம்மா, உள்ள கேக் வேகுதா?" என்றார் குழுத் தலைவி, கண்ணை மூடி மூச்சை இழுத்து.

"அதைவிட நல்லது வேகுதும்மா."

"யாரோ தட்டுற மாதிரி இருக்கே?"

"கட்டைங்க புரளுற சத்தம். அதுங்களுக்கும் சீக்கிரம் வெளிய வரணும்னு அவசரம்."

எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் சத்தமும் நின்றுவிட்டது. கோபம் தணிந்தது என்று எடுத்துக்கொண்டேன். சின்ன வயதிலும் அப்படித்தான். அறையில் விட்டுச் சாத்தினால் கொஞ்சம் தட்டுவான், பிறகு தூங்கிப்போவான்.

குழுவைச் சாப்பிட அழைத்துப் போனேன். திரும்பும்போது அவனுக்கும் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிவந்தேன். கல்நெஞ்சக்காரி செய்கிற காரியமா அது? கதவைத் திறந்தால் குறுக்கே கிடந்தான். வலைக்கு எட்டுவதற்காக ஒரு பீப்பாயை உருட்டி வந்திருக்கிறான். ஏறத் தெம்பில்லை போலிருக்கிறது. இலைப் படம் ஒட்டிய பீப்பாய்தான்.

விருது எங்களுக்கே வந்தது. மனிதருக்கும் மண்ணுக்கும் தீங்கில்லாத தொழில் என்று பாராட்டினார்கள். மேடையில் அவன் பெயரையும் சொல்லச் சொன்னேன்.

தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கலாம் என்கிறார் உங்கள் ஏட்டையா. நல்ல மனிதர். ஆனால் வீண் பழி தாழ்ப்பாளுக்கு எதற்கு? போட்டது நான். அது அவனுக்கும் தெரியும். தாழ் விழுந்ததும் அவன் கத்தவில்லை, சண்டை போடவில்லை. கதவோடு வாயை வைத்து மெதுவாகத்தான் கேட்டான்:

"அக்கா, நான் சத்தம் போடலக்கா. அவங்க போனதும் திறந்து விட்டுடுவியா?"