ட்ரிவெல்லா நொண்டுறான்

ஐயையோ, பதறாதீங்க தம்பி. அடிச்சிட மாட்டாரு. உங்க ஸ்வெட்டரச் சும்மா பிடிச்சுக்கிட்டு நிப்பாரு, அவ்ளோதான். சேச்சே, குடியெல்லாம் இல்ல. எங்க வீட்டுக்காரருதான், எவாசியோ. நீங்க சிவப்பு போட்டிருக்கீங்க பாருங்க, அதான் வினை. உக்காருங்க, பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நீங்க உக்காந்தா அவரும் உக்காந்துருவாரு.

ஃபுட்பால் ஆடினவரு தம்பி. காசாலேங்குற இந்த ஊர் டீமுக்குப் பதினோரு வருஷம் ஸ்டாப்பர். பேரு கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கோல் போடுறவன் பேருதானே பேப்பர்ல வரும், தடுக்கிறவன் பேரு எங்க வருது? எதிர் டீம்ல ஒருத்தனக் காட்டி, அவன் ஒன்னுக்குப் போனாலும் நீயும் கூடப் போகணும்டான்னு கோச் சொல்லி அனுப்புவாரு. இவரும் போவாரு. பந்து எங்க கெடக்குன்னுகூடப் பாக்க மாட்டாரு, மனுஷன். மூக்கு ரெண்டு தடவ உடைஞ்சுது. அப்பல்லாம் பந்து தோலு, மழையில நனஞ்சா கல்லாட்டம் இருக்கும். அத நெத்தியால முட்டி முட்டித்தான் மூள இப்பிடி ஆச்சுன்னு ஒரு டாக்டர் சொல்றாரு, இன்னொருத்தர் இல்லங்குறாரு. நான் என்னத்தக் கண்டேன்.

அம்பத்தொன்னாம் வருஷம், சீசன்ல கடைசி மேட்ச். ஜெயிக்கக்கூட வேணாம், தோக்காம இருந்தாப் போதும், மேல் டிவிஷன். எதிர்ல சிவப்புச் சட்டைக்காரங்க. அவங்க ஃபார்வர்டு ட்ரிவெல்லாவ எம்பத்தெட்டு நிமிஷம் பந்தத் தொடவிடல இவரு. அப்ப அந்தாளு திடீர்னு தொடையப் பிடிச்சுக்கிட்டு, நொண்டி நொண்டி ஓரமா நடந்தான். இந்தப் புண்ணியவானும் பின்னாலயே போனாரு. நடுவுல அம்மாம் பெரிய எடம் காலியாக் கெடந்துது, வேற ஒருத்தன் வந்து கோலப் போட்டுட்டுப் போய்ட்டான். போகாதீங்க, போகாதீங்கன்னு நான் கேலரில நின்னு கத்துறேன். அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?

காலுக்கு ஒன்னும் இல்ல தம்பி அவனுக்கு. அத்தனையும் நடிப்பு.

அப்புறம் முப்பது வருஷம் அதையே சொல்லிக் கொன்னானுங்க. மூட்டை தூக்கப் போற எடத்துல, காபிக்கடையில, எங்க பாத்தாலும், எவாசியோ, வெளிய ட்ரிவெல்லா நொண்டுறான், போய்ப் பாருய்யாம்பானுங்க. அங்க கூடச் சேந்து சிரிச்சிட்டு, வீட்டுக்கு வந்தா வாயே தொறக்க மாட்டாரு. ஒரே ஒரு நாள் என் பேரச் சொல்லிக் கேட்டாரு, லீதியா, ஒருத்தன் நொண்டினா பொய்யாத்தான் இருக்கும்னு எப்பிடி நெனைக்கிறதுன்னு.

இப்ப எல்லாம் மறந்தாச்சு, சோத்துக் கரண்டி புடிக்கக்கூட. சிவப்பு மட்டும் மறக்கல. போன வாரம் சிவப்புச் சட்ட போட்டு சைக்கிள்ல போறவன் பின்னால ஓடி, ஆத்துப் பாலத்துல லாரி முன்னாடி போய் நின்னுட்டாரு. எனக்கு முழங்காலு போச்சு தம்பி, ஓடிப் பிடிக்க முடியல. பெத்த பிள்ளன்னும் ஒன்னு இல்ல.

எதிர்ல அந்தப் பச்சக் கேட்டு தெரியுதா? கன்னியாஸ்திரீங்க நடத்துற முதியோர் இல்லம். கட்டில் போட்டாச்சு, துணிமணி கொண்டுபோய்க் குடுத்தாச்சு. இவருதான் கேட்டத் தாண்ட மாட்டேங்குறாரு. மூணு நாளாக் கூட்டிட்டு வரேன், கூட்டிட்டுப் போறேன். இழுத்தா கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழறாரு. நானே நேத்து சிவப்புக் கவுன் போட்டுப் பாத்தேன். கல்யாணத்துக்குப் போறீங்களாம்மான்னு மரியாதையாக் கேக்குறாரு.

அதான், பஸ் ஸ்டாப்புக்கு நீங்க வரதப் பாத்ததும்... பெருசா ஒன்னும் இல்ல தம்பி. ரோட்டத் தாண்டி அந்தக் கேட்டுக்குள்ள நேரா நடங்க, பின்னாலயே வந்துருவாரு. உள்ள மதர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஸ்வெட்டரக் கழட்டி அவரு கையிலயே விட்டுட்டு, சமையக்கட்டு வழியா நீங்க மட்டும் வெளிய வந்துருங்க. உங்களுக்கு வேற பின்னித் தரேன், சத்தியமா.

நான் வரல. இங்கயே உக்காந்திருக்கேன்.

ஒருவேள பாதி ரோட்டுல நின்னுட்டாருன்னா... கொஞ்சம் நொண்டுங்க தம்பி.