மேல் பீலிக்குப் போறவங்க

முத்துலிங்கம்: திருப்பியும் உடைஞ்சு போச்சு வடிவு.

சண்முகவடிவு: எதுங்க?

முத்துலிங்கம்: நம்ம குழாய்தான். நேத்துத்தான் அப்பா ஆள வச்சுச் சரி பண்ணிப் பூட்டினாரு. விடிஞ்சு பாத்தா தல திருகிக் கெடக்கு.

சண்முகவடிவு: ஐயையோ... நாளைக்கு நம்ம காலேஜுல இருந்து போட்டிக்காகப் பாக்க வர்றாங்களே.

முத்துலிங்கம்: அதத்தான் சொல்றேன். பொம்பளைங்க தண்ணிக்கு, மலையில ஊத்துத் தண்ணி விழுற மேல் பீலி வரைக்கும் ஏறிச் சாகுறாங்க, நம்ம வீடுங்க இருக்கிற லயத்துக்கே குழாய் வந்தா கஷ்டம் தீந்துச்சுன்னு ஆராய்ச்சிப் போட்டிக்குப் பெரிசா எழுதுனோம். தோட்டத்துத் துரையும் படிச்சிட்டுப் போட்டுக் குடுத்தாரு. இப்ப எதக் காட்டுறது?

சண்முகவடிவு: நல்லா இருந்தப்ப மட்டும் யாரு புடிச்சாங்க? எல்லாரும் குடத்தத் தூக்கிக்கிட்டு மேலதான போனாங்க.

முத்துலிங்கம்: அதான் மண்டையக் கொழப்புது. நீ கேட்டியே, என்ன சொல்றாங்க?

சண்முகவடிவு: ராசம்மாக்கா துரு வாடை அடிக்குதுன்னாங்க. வீரம்மாக்கா பருப்பு வேகலையாம்.

முத்துலிங்கம்: எங்கிட்ட பருப்பு கொழஞ்சு போகுதுன்னுச்சே?

சண்முகவடிவு: அது... வேற பருப்பா இருக்கும்.

முத்துலிங்கம்: வெளையாடாத. உடைச்சது யாருன்னும் நாமளே கண்டுபிடிச்சு எழுதணுமாம். துரை சொல்லிட்டாரு. ஆளு தெரிஞ்சா வேலையில இருந்து பேர வெட்டி, லயத்த விட்டே அனுப்பிருவாராம்.

சண்முகவடிவு: நாமளா? நாம என்ன பொலிசா?

முத்துலிங்கம்: பேசாம... காட்டுப்பன்னி வந்து முட்டிருச்சுன்னு எழுதிருவோமா?

சண்முகவடிவு: பன்னி திருகுமா? சிரிப்பாங்க. பனியில வெடிச்சிருச்சுன்னு எழுதுங்க.

முத்துலிங்கம்: மே மாசத்துலயா?

சண்முகவடிவு: பன்னிக்கு அது தேவல.

முத்துலிங்கம்: இரு, இரு... உண்மையக் கண்டுபிடிக்கணும்னு குதிச்சவ நீ. இப்ப பனிங்கிற?

சண்முகவடிவு: பரிசு பரிசுன்னு பறந்தவரு நீங்க. நீங்க ஏன் பன்னிய இழுக்கிறீங்க?

முத்துலிங்கம்: அத விடு.

சண்முகவடிவு: காலேஜு பஸ் வந்துரும். என்ன எழுதறதுன்னு சொல்லுங்க.

முத்துலிங்கம்: மொத தடவ கல்லால அடிச்சிருந்துச்சு. இந்தத் தடவ திருகியிருக்கு. ஒரே ஆளு செஞ்ச வேல மாதிரி தெரியலல்ல?

சண்முகவடிவு: ரெண்டாவது நான் இல்லங்க.

முத்துலிங்கம்: அப்ப... மொதல்ல?

சண்முகவடிவு: உங்கப்பா கங்காணி. உங்ககிட்ட வாயத் தொறந்தா எங்கம்மா பேரு நாளைக்குக் காலையில வேலைக்குக் கூப்பிடுற பெரட்டுல இருக்காது.

முத்துலிங்கம்: சொல்லு வடிவு.

சண்முகவடிவு: குழாய எங்க வச்சாங்க? உங்க வீட்டு வாசல்ல. அங்க நின்னு பொம்பளைங்க ஒரு வார்த்த பேச முடியுமா? மேல் பீலியிலதான் தொழிற்சங்கத்துக்கு ஆளு சேக்குறாங்க. எங்கம்மாதான் முன்ன நிக்கிறாங்க.

முத்துலிங்கம்: அதுக்கென்ன இப்ப?

சண்முகவடிவு: இங்கயே தண்ணி இருக்க எதுக்கு மேல ஏறுறீங்கன்னு உங்கப்பா ஒவ்வொருத்தரையும் மறிச்சுக் கேக்க ஆரம்பிச்சிட்டாரு. எல்லாம் நாம எழுதுன எழுத்தால வந்தது. பயந்து போய்த்தான் கல்ல எடுத்தேன். போய்ச் சொல்றதுன்னா சொல்லுங்க.

முத்துலிங்கம்: யாருகிட்டப் போய்ச் சொல்றது? நேத்துத் திருகினது நான்தான். வாசல்லயே தண்ணி ஓடுனா, எங்கம்மா எங்கப்பாகிட்ட என்ன சாக்குச் சொல்லிட்டு உங்கம்மா கூட்டத்துக்கு வருவாங்க?