அப்பாவுக்கு வந்த கடிதம்

ஓய்வு பெற்ற ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை முறை போன் செய்வார் என்பது வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத்தான் தெரியும். என் அப்பா பதினோரு முறை செய்வார். "பாப்பா, சாப்பிட்டியா?" ஒன்று. "பாப்பா, குழாயில தண்ணி வந்துடுச்சு" ஒன்று. "ஒண்ணுமில்ல பாப்பா, சும்மாதான் பண்ணேன்" ஒன்பது.

உட்காரச் சொல்லாதீர்கள் மேடம். நின்றே சொல்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் சும்மா உட்காரத் தெரியாது. அப்பா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் நின்றவர். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கறை பார்த்து, துவைத்து, மடித்து அனுப்புகிற வேலை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் கை நிற்கவில்லை. வீட்டிலிருந்த துணியை எல்லாம் மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். ஒருநாள் பழைய செய்தித்தாள்களைப் போர்வை மாதிரி மடித்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். அன்றைக்குத்தான் அவரைச் சங்கத்தில் சேர்ப்பதென்று முடிவு செய்தேன். ஆமாம், சேர்த்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு நூலகத்தின் மாடியில் இருக்கிறது அந்தச் சங்கம். ஓய்வு பெற்றவர்கள் கூடிப் படிக்கிறார்கள், பேசுகிறார்கள். சம்பளத்துக்கு வாத்தியார் கிடையாது. சேர்ந்தவர் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒன்றை மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுதான் விதி. ஒரு நீதிபதி உயில் எழுதுவது பற்றிச் சொல்வார். ஒரு கண் டாக்டர் நட்சத்திரம் காட்டுவார். பூகோளம் எடுத்த டீச்சர் ஒருவர்தான் செயலாளர்.

விண்ணப்பத்தில் 'கடைசியாக வகித்த பதவி' என்று ஒரு கட்டம் இருந்தது. 'துணை நிர்வாக அலுவலர்' என்று எழுதினேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் நான் ஆறாம் வகுப்பில் கற்றுக்கொடுத்தது. நான் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாக் காகிதத்தையும் நான்தான் வாசிப்பேன். மின்சார பில், ஓய்வூதியக் கடிதம், எல்லாம். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் நான்தான் வாசித்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அதில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன். அன்றிலிருந்து அம்மா போகும்வரை வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஒரு காகிதத்தை அப்படியே வாசிப்பது எப்போதும் நல்லதல்ல என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சங்கத்தில் முதல் நாளே அப்பா என் பொய்யைப் போட்டு உடைத்துவிட்டார். "அலுவலரெல்லாம் இல்லீங்க. ஆஸ்பத்திரியில துணி வெளுத்தவன்." சாயங்காலம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குக் காது சுட்டது. நான் பட்டம் வாங்கியது எதற்கு மேடம்? எங்கள் பரம்பரையில் முதல் பட்டம். இனி அப்பாவின் கையை யாரும் தண்ணீரில் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான்.

அவருடைய ஒரு மணி நேரமும் வந்தது. கறை எடுப்பது பற்றிச் சொன்னார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். நீதிபதி தன் சட்டைக் காலரைக் காட்டி, "மாஸ்டர், இது கறையா, நான் சேர்த்த பாவமா?" என்றார்.

"பாவம்னா வெந்நீர் போதும் சார். ரத்தமா இருந்தாத்தான் பச்சைத் தண்ணி வேணும். ரத்தத்துல சூடு பட்டா கறை துணியோடவே தங்கிடும்."

"அப்ப என் தீர்ப்பையெல்லாம் பச்சைத் தண்ணியிலதான் அலசணும்" என்றார் நீதிபதி. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வியாழக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. அப்பாவை அழைத்துவரப் போவேன். மூன்று வியாழக்கிழமை போனேன். மூன்று முறையும் அவர் தொட்டியடியில் நின்று டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். நீதிபதி நாற்காலியில் இருந்தார், டாக்டர் நாற்காலியில் இருந்தார். டீச்சர், "மாஸ்டர், இன்னொரு கிளாஸ் இருக்கு" என்று கொண்டுவந்து கொடுத்தார். அப்பா பாட்டு முணுமுணுத்தபடி வாங்கினார். பஸ்ஸில் வரும்போது இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தேன். உட்கார முடியவில்லை.

அடுத்த வாரம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அப்பா பிரிக்காமல் எனக்காக வைத்திருந்தார். குளித்து, சட்டை மாற்றி, எதிரில் நின்றார். "வாசி பாப்பா."

'தங்கள் வகுப்பை உறுப்பினர்கள் மிகவும் விரும்பினர். எட்டு வாரத் தொடராக நடத்தித் தர வேண்டுகிறோம்.' இதுதான் கடிதம். எட்டு வாரம் அவரை நிறுத்தி வைத்துச் சிரிக்கப் போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் இப்படி வாசித்தேன்: 'தாங்கள் வருவது உறுப்பினர்கள் சிலருக்குச் சங்கடமாக உள்ளது. இனி வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.'

"இன்னொரு தடவை வாசி."

வாசித்தேன். ஒரு சொல் மாறவில்லை. எனக்கு நல்ல ஞாபகசக்தி.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். என்னோடு சேர்ந்து கொஞ்சம் திட்டுவார், நாங்கள் இருவரும் ஒரு பக்கம் நிற்போம் என்று நினைத்தேன். அவர் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். "ப்ளீச் வாடை போயிடுச்சுன்னு நினைச்சேன். அவங்களும் எத்தனை நாள்தான் பொறுத்துப்பாங்க" என்றார். பிறகு போய்க் கை கழுவினார். அதன் பிறகு நாளெல்லாம் கழுவிக்கொண்டே இருந்தார்.

சங்கத்துக்காரர்கள் போன் செய்வார்களே என்று, பழுது பார்க்கக் கொடுக்கிறேன் என்று சொல்லி அவர் போனை வாங்கிக்கொண்டேன். எனக்கு வந்த பதினோரு அழைப்பும் நின்றது. ஆனாலும் அலுவலகத்தில் பத்து மணி ஆனால் என் கை தானாகப் போனை எடுத்துப் பார்க்கும்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் வீடு தேடி வந்தார். அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார். டீச்சர் வாசலில் நின்றே படபடவென்று பேசினார்.

"என்னம்மா, மாஸ்டருக்கு எங்க மேல கோபமா? லெட்டருக்குப் பதிலே இல்ல. வியாழக்கிழமை டீ அவர் முறை. திங்கள் டாக்டர், செவ்வாய் நான், வெள்ளிக்கிழமை ஜட்ஜ். அந்த ஜட்ஜ் போடுற டீயைக் குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு. மாஸ்டர் முறை வந்தாத்தான் உயிர் வரும்."

அந்த முறைப் பட்டியல் தொட்டிக்கு மேலேயே ஒட்டியிருக்கிறதாம். வீட்டில் எல்லாவற்றையும் வாசிக்கிறவள் அதை மட்டும் வாசிக்கவில்லை.

இங்கேதான் நீங்கள் கேட்ட கேள்வி வருகிறது. அப்போதே சரிசெய்திருக்கலாமே என்று. செய்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அப்பாவிடம் என்ன சொல்வது? கடிதத்தைத் தப்பாக வாசித்தேன் என்றா? அதற்குப் பிறகு நான் வாசித்த எந்தக் காகிதத்தை அவர் நம்புவார்? அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"அப்பா இறந்துட்டார் டீச்சர். ரெண்டு வாரம் ஆச்சு" என்றேன்.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அப்பா வருவதற்குள் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். மறுநாள் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. சங்கத்தில் எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்களாம், நீதிபதியும். அவர் எழுந்து நின்றது எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்பா அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அப்பா, "ஒரே ஒரு தடவை நேர்ல போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன் பாப்பா. வாசல்லயே நின்னு கேக்கறேன், உள்ள போகல" என்று தினமும் சொல்லத் தொடங்கினார். ஒருநாள் பஸ் நிறுத்தம் வரை போய்விட்டார். அதனால்தான் பூட்டினேன். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டு. உள்ளே சாப்பாடு, தண்ணீர், மாத்திரை எல்லாம் வைத்துவிட்டுத்தான் போவேன். பக்கத்துவீட்டுத் தையல்காரம்மாவிடம், அப்பாவுக்கு வயதாகிப் புத்தி தடுமாறுகிறது, கதவைத் தட்டுவார், கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். அவருக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் முக்கால் மணி நேரம் தட்டினாராம். நெஞ்சுவலி வந்தால் மனிதர் கத்துவார் என்றுதான் நினைத்திருந்தேன் என்கிறாள் தையல்காரம்மா. அப்பா கத்துகிறவர் இல்லை. அவள்மீது தப்பில்லை, அதைத் தெளிவாகப் போடுங்கள். நான் சொன்னதை அவள் கேட்டாள்.

கடிதத்தைத் தெரிந்தேதான் மாற்றி வாசித்தேன். தெரிந்தேதான் உயிரோடிருந்தவரை இறந்தார் என்று சொன்னேன். தெரிந்தேதான் பூட்டினேன். அடக்கத்துக்கு நாலு பேர் வந்தார்கள். சங்கத்துக்குச் சொல்லவில்லை, சொல்ல முடியாதே. ஆனால் அந்தச் சங்கத்தில் ஒருவருக்கும் இல்லாத மரியாதை எனக்கு அவர்மீது இருந்தது. அதனால்தான் இதெல்லாம்.

வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டீர்களா? வேண்டாம் மேடம், நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம். கொடுங்கள், நானே படித்துக்கொள்கிறேன். அடுத்தவர் வாசிப்பதை நம்பிக் கையெழுத்துப் போடுகிற ஆள் நான் இல்லை.